எவரும் தேடாத முகம்

ஓடிப்போனாளாம்! அந்தச் சொல் யார் வாயில் முதலில் வந்தது என்று தெரியவில்லை. திரௌபதி ஓடவில்லை, நடந்து போனாள். காலை எட்டு மணி வெயிலில், குழாயடியில் அத்தனை பெண்கள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனாள். ஓடுகிறவள் அப்படியா போவாள்?

முந்நூற்று நாற்பது ஆண்பிள்ளைகளின் போட்டோவைப் பெட்டியோடு தூக்கிப் போய்விட்டாள், ஆந்திராவில் மந்திரவாதியிடம் கொடுக்கப் போகிறாள் என்றும் ஒரு பேச்சு. பெட்டி மீனவர் சங்க ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. சாவி செயலாளர் ஜலாலுதீன் பாயின் இடுப்பில் இருக்கிறது. போய்க் கேட்டால் திறந்தே காட்டுவார். கேட்கத்தான் ஒருவரும் போகமாட்டார்கள். கேட்டுவிட்டால் அப்புறம் பேச என்ன மிச்சம் இருக்கும்?

அதற்கும் மேலே போய், பொன்னேரித் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிற கங்காதரனை இழுக்கிறார்கள். பொன்னேரி ஸ்டேஷனில் இரண்டு பேரும் ஒன்றாக நின்றார்களாம். நின்றார்கள்தான். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. பஸ் ஏறினால் வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருகிற பிள்ளை அவன். தெலுங்கில் எழுதிய ஒரு கடிதத்தையும், எந்தெந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்ற பட்டியலையும் கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பிப் போனான். அவள் சூலூர்ப்பேட்டை பக்கம் போகிற ரயிலில் ஏறினாள். அவ்வளவுதான்.

போய் இன்றோடு ஒன்பது நாள். அவள் தப்பே செய்யவில்லை என்று இங்கே யாரும் சாதிக்கவில்லை. செய்தாள், பெரிய தப்பு. ஆனால் ஊர் சொல்கிற தப்பு வேறு, அவள் செய்தது வேறு. செய்ததைச் சொல்லித் திட்டினால் அவளே தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவன் முகம் ஒரு துண்டுக் காகிதத்திலும் இல்லை. கல்யாணத்துக்குப் போட்டோ பிடிக்க வசதியில்லாத வீடு. அவன் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால், கொஞ்ச நாள் கழித்து அவளுக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. பத்தாவது வரை படித்திருந்ததால் பழவேற்காட்டு மீனவர் சங்கத்தில் எழுதுகிற வேலை கிடைத்தது. ஆகவேதான், பொன்னேரித் தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து, தண்ணீரில் இறங்குகிற ஆம்பளைகள் எல்லாருக்கும் படம் போட்ட அட்டை கொடுக்கப் போகிறோம் என்றபோது, ஊரில் எல்லாருக்கும் முன்னால் தலையாட்டியவள் அவள்.

ஊர் லேசில் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனை ஏன் படம் பிடிக்க வேண்டும், படம் என்பது மாலை போடுவதற்குத்தானே என்று கிழவர்கள் முறுக்கினார்கள். திரௌபதி வீடு வீடாகப் போய்ப் பேசினாள். கடைசியில் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒவ்வொருத்தராக உட்காரவைத்தார்கள். நல்ல சட்டை இருந்தது நாலைந்து பேரிடம்தான். ஒருவன் கொடுத்த நீலச் சட்டையையே அடுத்தவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். முந்நூற்று நாற்பது படத்திலும் பாதிக்கு மேல் அதே நீலச் சட்டை. வெளியாள் பார்த்தால் எல்லாரும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்றுதான் நினைப்பான்.

பேரும் விவரமும் பொன்னேரியில் இருந்த கம்ப்யூட்டருக்குள் போயின. வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாகக் கொடுத்த மெஷின் அது. அதைத் தட்டுகிறவன்தான் கங்காதரன். படத்தையும் உள்ளே வைத்துவிடு என்றாள் திரௌபதி. அவன் சிரித்தான்.

"படம்லாம் இதுக்குள்ள போவாதுக்கா. எடம் பத்தாது. நம்பர மட்டும் உள்ள வெப்போம். அதே நம்பர படத்துக்குப் பின்னால எழுதி உன் பொட்டியில வெச்சுக்கோ. யாரு வேணுமோ, நம்பரப் பாத்து எடுத்துக்கினா ஆச்சு."

"இன்னா நம்பர் போடறது?"

"அது உன் இஷ்டம். ஒருத்தனுக்கு ஒண்ணு இருந்தா போதும்."

தப்பு பிறந்தது அங்கேதான். வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட்டிருப்பாள். திரௌபதி பாடு நம்பரைப் போட்டாள். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்கும் முறைக்கும் பாடு என்று பெயர். யாருக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். குப்பத்து ஆம்பளைக்குத் தன் வயது தெரியாது, பிறந்த தேதி தெரியாது. பாடு நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மறக்காத நம்பர் அதுதானே என்று நினைத்தாள். நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் சீட்டு வருஷா வருஷம் குலுக்குகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம். அதனாலேயே அது கண்ணில் படவில்லை.

இந்தச் சித்திரையில் சீட்டுக் குலுக்கினார்கள். புது நம்பர்களை அவளே அழகாக எழுதிப் பொன்னேரிக்கு அனுப்பினாள். கங்காதரன் பழையதை அழித்துப் புதியதைத் தட்டினான். பெட்டிக்குள் இருந்த படங்களின் முதுகில் போன வருஷத்து நம்பர் அப்படியே இருந்தது. அவள் தொடவில்லை.

ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. படத்தை யார் கேட்டார்கள்?

வைகாசியில் காற்று அடித்தது. பாடு இல்லாத நாளில் கடலுக்குப் போன நாலு பேர் முகத்துவாரத்துக்கு வெளியே கவிழ்ந்தார்கள். மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். சம்பந்தம் வரவில்லை. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனதைப் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். அந்த மாதத்தில் கடல் நீரோட்டம் வடக்கே இழுக்கும். ஆந்திரக் கரையில்தான் ஒதுக்கும், உயிரோ பிணமோ.

சம்பந்தத்துக்குப் பிறவியிலேயே பேச்சு வராது, காதும் கேளாது. எழுதவும் தெரியாது. படம் போட்ட அட்டை இன்னும் அச்சாகி யார் கைக்கும் வரவில்லை. எந்தக் கரையில் ஏறினாலும் நான் இன்னார், இந்த ஊர் என்று சொல்ல அவனிடம் முகம் ஒன்றுதான் இருந்தது. அட்டைக்கு எழுதிய படிவத்தில் பேர், தகப்பன் பேர், ஊர், மச்சம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. ஊமை என்று எழுதக் கட்டம் இல்லை. அதனால் கம்ப்யூட்டருக்கு அவன் ஊமை இல்லை.

அன்றைக்குத் திரௌபதி கடற்கரையில் ருக்குவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ருக்கு சம்பந்தத்தின் பெண்சாதி, இருபத்தாறு வயது. தண்ணீருக்குள் போய்விடுவாளோ என்று பயம். அந்த நேரம் பார்த்துக் கங்காதரன் பொன்னேரியிலிருந்து அச்சடித்த காகிதத்தோடு ஓடி வந்தான். உதவி செய்கிற பதற்றம் அவனுக்கு.

"அக்கா, நம்பர் அறுபத்தொண்ணு. படத்த எடுத்தா இப்பவே காப்பி போட்டு எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிடலாம்."

அவள் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். "நம்பரப் பாத்து நீயே எடுத்துக்கோ, நைனா. நான் இவள வுட்டு வர முடியாது."

அவன் எடுத்தான். நீலச் சட்டை போட்ட ஒருத்தன். அவனுக்கு எல்லாரும் ஒன்றுதான். பன்னிரண்டு காப்பி போட்டு, கீழே சம்பந்தம் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, தடாவிலிருந்து நெல்லூர் வரை அனுப்பினான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று, ஆஸ்பத்திரிகளிலும் கேட்டாயிற்று, படத்தில் உள்ள ஆள் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஆள் இருந்தால் கிடைத்திருப்பான், போலீஸே தேடியும் இல்லை என்றால் இல்லைதான், பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, அவனுடைய வேட்டியைச் சுற்றி எரிப்பார்கள். அதன் பிறகு பெண்சாதி தாலியைக் கழற்ற வேண்டும். திரௌபதி தன் புருஷனுக்குக் கட்டிய அந்த வைக்கோலைப் பார்த்தவள். படம் போய்த் தேடிய பிறகும் இல்லையென்றால் இல்லைதான் என்று அவளும் நம்பினாள்.

பதின்மூன்றாம் நாள் சின்னப்பன் வந்தான். ஊரில் நல்ல குரலுள்ள, எதற்கும் சிரிக்கிற ஆள். தடாவில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவன். முகம் வெளுத்துப்போய், கையில் கிழித்த காகிதம் ஒன்றோடு சங்க ஆபீசுக்குள் நுழைந்தான்.

"இன்னாக்கா இது? போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல என் மூஞ்சி ஒட்டிகீது. ஒரு கான்ஸ்டபிள் என்னப் புடிச்சிகினு, கடல்ல செத்தது நீதானேன்றான். நான் செத்துட்டேனா? சொல்லு, நான் செத்துட்டேனா?"

திரௌபதி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மேலே சின்னப்பனின் முகம். கீழே சம்பந்தம் என்ற பேர். சின்னப்பன் கத்தியது அப்புறம் அவள் காதில் விழவில்லை.

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தரையில் கொட்டினாள். கம்ப்யூட்டர் அச்சடித்த பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் புரட்டினாள். ஒன்றாம் நம்பர், தப்பு. இரண்டாம் நம்பர், தப்பு. பதினேழு, நாற்பது, நூற்றிரண்டு, எல்லாம் வேறு வேறு ஆள். ஒவ்வொரு பேருக்கும் இன்னொருத்தன் முகம். சம்பந்தம் இருநூற்றுப் பதினாலில் கிடந்தான், போன வருஷத்து நம்பரில். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னது கேளாமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவளுக்கு விளங்கியது. பதின்மூன்று நாளாக இந்த முகத்தை ஒருவரும் தேடவில்லை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரித் திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தாலும், போலீஸ்காரன் படத்தைப் பார்த்து, இவன் அவனில்லை என்று நகர்ந்து போயிருப்பான். அவனால் கூப்பிட முடியாது.

ஜலாலுதீன் பாயிடம் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியை உருவிக்கொண்டிருந்தார்.

"யாராண்ட சொன்னே?"

"உங்களாண்டதான், பாய்."

"வெளிய சொல்லாத. சொன்னா இன்னா ஆவும்? அத்தினி பேரும் வந்து அவனவன் படத்தக் கிழிச்சுப் போட்டுடுவான். அடுத்த காத்துல ஒருத்தன் மூஞ்சி கூட நம்மாண்ட இருக்காது. கங்காதரன் வேல போயிடும். உன் வேலயும்தான்."

"சம்பந்தம் உயிரோட இருந்தா?"

"இல்லன்னா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "பதிமூணு நாளாச்சு, திரௌபதி. அந்தப் பொண்ணு இப்பதான் மனச ஒரு பக்கமா வெச்சிருக்கா. இருக்காருன்னு கிளப்பி வுட்டு, அப்புறம் இல்லன்னு வந்தா? ரெண்டாவது தபா நீயே போய்ச் சொல்லுவியா?"

அந்தக் கேள்விதான் அவளைக் கட்டிப்போட்டது. வேலை போனால் கருவாடு விற்கலாம். ருக்கு முகத்தை இரண்டாவது முறை எப்படிப் பார்ப்பது? இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த இரண்டு நாளுக்காக அவளை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், பதில் கிடையாது.

அந்த இரண்டு நாளில் ஊர் சும்மா இருந்ததா? சின்னப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. செத்தவன் பேரைத் தன் முகத்தில் ஒட்டிவிட்டார்கள், கடல் தன்னைக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்று பிதற்றினான். படகைத் தொடமாட்டேன் என்றான். அவன் பெண்சாதி உப்பும் மிளகாயும் கொண்டுவந்து திரௌபதி வாசலில் கொட்டினாள்.

"புருசன முழுங்கினவ, இப்ப ஊர் ஆம்பளைங்களயும் பொட்டியில போட்டு முழுங்கப் பாக்கறா! என் வூட்டுக்காரருக்கு இன்னா ஆனாலும் உன்ன வுட மாட்டேன்டி!"

கூடி நின்றவர்கள் எல்லாரும் சின்னப்பனுக்குத் திருஷ்டி கழிப்பதைப் பற்றியே பேசினார்கள். எந்தக் கோயிலுக்குப் போவது, எந்தச் சேவலை அறுப்பது. அவன் முகம் அந்தக் காகிதத்தில் இருந்தால் சம்பந்தத்தின் முகம் எங்கே போயிற்று என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. திரௌபதி கதவிடுக்கில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால் தான் சொல்ல வேண்டியிருக்காதே என்ற ஆசை. ஒருவரும் கேட்கவில்லை. பயத்தில் இருக்கிறவர்களுக்குத் தங்கள் வீட்டு ஆள் மட்டும்தான் தெரியும்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் ருக்கு வீட்டுப் பக்கம் போனாள். வாசலில் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து வைக்கோலைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கால்கள் முடிந்திருந்தன. இடுப்புக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். திரௌபதியின் கால் அங்கேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கட்டுகிறவர்களில் ஒருவன், "தலைக்குக் கொஞ்சம் வைக்கோல் எடுத்துக் குடு அத்தே" என்று இயல்பாகக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

ருக்குவைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மடியில் புதுப் புடவை, பக்கத்தில் மஞ்சளும் பூவும். நாளைக்குக் கழற்றப் போகிறவளுக்கு இன்றைக்குக் கடைசியாக வைத்துப் பார்க்கிற பூ.

"ருக்கு, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள் திரௌபதி. "நான்தான் பண்ணேன். உன் வூட்டுக்காரருக்குப் பதிலா சின்னப்பன் படம் போயிடுச்சு. போலீஸ் தேடனது சின்னப்பன. உன் வூட்டுக்காரர எவனும் தேடல."

பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தாள். ருக்கு மட்டும் அசையவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எப்பலேந்து தெரியும்?"

"முந்தாநாள்லேந்து."

ருக்கு எழுந்து வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள். திரௌபதி கன்னத்தைத் தொடவில்லை.

"அவரு உயிரோட கீறாரா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்குடி வந்தே? செத்தவர மறுபடி சாவடிக்கவா?"

"தெரியாதுன்றதுதான் நெசம், ருக்கு. இருக்காரு, இல்லன்னு சொல்ல எனக்கு ஆவாது. தேடலன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

இருநூற்றுப் பதினாலாம் நம்பர் படத்தை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். ருக்கு அதை வாங்கினாள். கல்யாணமான ஏழு வருஷத்தில் புருஷன் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் வாசலுக்குப் போய், கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், "பிரிச்சுப் போடுங்க" என்றாள்.

ஒரு பெரியவர், "நாள் குறிச்சாச்சும்மா, ஊர்ச் சம்பிரதாயம்" என்று ஆரம்பித்தார்.

"ஊரு போய்த் தேடிச்சா, மாமா? தேடிட்டு வந்து எரிங்க." தாலியை முந்தானையோடு சேர்த்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். படத்தைத் திரௌபதியிடம் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்க மனமில்லாமல் ஒரு கணம் பிடித்தபடி நின்றுதான் கொடுத்தாள். "நீ தொலச்சே. நீயே போய்த் தேடு. அவரு செத்திருந்தாலும் எங்க பொதச்சாங்கன்னு பாத்துகினு வா. அது தெரியாம என் மூஞ்சியில முழிக்காத."

மறுநாள் காலை திரௌபதி முதலில் சங்க ஆபீசுக்குத்தான் போனாள். மற்ற படங்களின் முதுகில் பேரும் தகப்பன் பேரும் முந்தின சாயங்காலமே எழுதி முடித்திருந்தாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை ஜலாலுதீன் பாயின் மேஜையில் வைத்தாள்.

"இப்ப போனேன்னா திரும்பி வந்தா இந்த நாற்காலி உனக்கு இருக்காது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

"சரிங்க, பாய்."

வீட்டுக்கு வந்து இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். பொன்னேரியைத் தாண்டி அவள் தனியாகப் போனதே இல்லை. தெலுங்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஆஸ்பத்திரியில் நுழைந்தால் என்ன கேட்பது, பிணக்கிடங்கு என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் உயிரோடு இருந்து, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதுபோல் பார்த்தால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். மண்மேட்டைக் காட்டி இதுதான் என்று யாராவது சொன்னால் எப்படித் திரும்பி வருவது என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவளுக்கே தெரியவில்லை.

குழாயடியில் பேச்சு நின்றது கேட்டது. தன்னைப் பற்றிய பேச்சுதான் நின்றது என்று புரிந்தது. சம்பந்தத்தின் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் இன்னும் கிடந்த உப்பைத் தாண்டிக் காலை வெளியே வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அவள் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.